உங்களுக்குத் தெரியுமா? அக்கறையுள்ள ஒருவர் போதும்!
குடியும் சண்டையும் மலிந்த வீட்டில் வளரும் பிள்ளை கெட்டுத்தான் போகுமா? இல்லை என்கிறது ஹவாயின் கவாய்த் தீவு ஆய்வு. அங்கு 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எமி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் கவனித்தனர். கடும் இன்னல்களுக்கிடையே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பரிவும் தன்னம்பிக்கையும் உள்ளவராக உருவானார். அவர்களில் பலருக்கும் பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர் நிலையாகத் துணைநின்றிருந்தார்.

சிங்கப்பூரில் அந்தத் துணை தொலைபேசியிலும் கிடைக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984இல் தொடங்கிய ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ சேவை அது.

பிள்ளையோடு குடும்பத்துக்கும் துணை தேவை; வீட்டுச் சிக்கல் தீராமல் பாடம் மட்டும் எப்படி ஏறும்? லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி ரோட்டில் இயங்கும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், தொடக்கம் 1991) துணைப்பாட வகுப்புகளோடு குடும்பச் சேவை நிலையத்தையும் நடத்துகிறது.