சுருக்குமுன் ஒரு சொல்



பழைய அலுவலகப் பதிவேடுகளில் ஒரே ஊர்ப்பெயர் அடுத்தடுத்து வருமாயின், எழுத்தர் அதனைத் திரும்ப எழுதமாட்டார். 'மேற்படி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். கணிப்பொறி கோப்புகளைச் சுருக்குவதும் ஏறத்தாழ இவ்வாறே.

1977ஆம் ஆண்டில் லெம்பெல், ஸிவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் இம்முறையை வகுத்தனர். முன்பு வந்த தொடர் மீண்டும் வருமிடத்தில், 'இத்தனை எழுத்துப் பின்னே சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்னும் குறிப்பு மட்டும் இடம்பெறும். 1952இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட முறையோ, அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும் அரிதாய் வருவதற்கு நீண்ட குறியும் தருவது. இவ்விரண்டும் கூடியதே 'ஜிப்' கோப்புகளில் பெரிதும் வழங்கும் 'டிஃப்ளேட்' முறை. விரித்தால் ஓர் எழுத்தும் குறையாது. ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக் படங்களை மேலும் சுருக்குவதில் மட்டும் பயன் சிறிதே.

ஒரு கோப்புறை முழுவதையும் நாம் எழுதும் நிரலே சுருக்க வேண்டுமானால் என்ன செய்வது? பைத்தான் முதலிய மொழிகளில் அதற்கான கருவி உடன் வருகிறது. நிரல் கோப்புறையினுள்ளும் அதன் உட்புறைகளினுள்ளும் புகுந்து, ஒவ்வொரு கோப்பையும் அதன் பாதைப் பெயருடன் ஜிப்பில் எழுதும். யாவும் முடிந்த பின்னரே பொருளடக்கத்தை எழுதும். நூலுக்குப் பொருளடக்கம் முன்னே, ஜிப்புக்கோ பின்னே. இதனை எண்ணாது நான் இடர்ப்பட்டேன்.

என் பாடக்குறிப்புகளைச் சுருக்க ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு கோப்பும் உள்ளே சென்றவுடன் மூலத்தை அழித்துவிடுமாறு பணித்திருந்தேன். நடுவில் மின்சாரம் நின்றது. பொருளடக்கம் எழுதப்படவில்லை, ஜிப் திறக்க மறுத்தது, அழிந்த மூலமும் இல்லை. பழுதுநீக்கும் கருவியொன்றால் பாதிக் குறிப்புகளே மீண்டன.

ஆகவே, இம்முறையைக் கைக்கொள்ளுங்கள். சுருக்கப்படும் கோப்புறைக்கு வெளியே, தற்காலிகப் பெயரில் ஜிப்பை எழுதுங்கள். உள்ளேயே எழுதினால், நிரல் தன் படைப்பையே சுருக்க முற்படலாம். எழுதி முடித்ததும் ஜிப்பை முறைப்படி மூடி, மறுபடி திறந்து, ஒவ்வொரு கோப்பையும் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுடனும் சி.ஆர்.சி. எனப்படும் 32 பிட் சரிபார்ப்பு எண் பதிந்துள்ளது. விரித்தபின் கணக்கிடும் எண் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். அதன் பின்னரே உரிய பெயரை இடுங்கள்.

இப்பொழுது என் நிரல் இவை யாவும் செய்து, மூலத்தை அழிக்குமுன் என்னை ஒருமுறை கேட்கிறது. அந்த ஒரு கேள்வியை முதலிலேயே எழுதியிருந்தால், இழந்த குறிப்புகளை ஒரு கோடை விடுமுறை முழுதும் அமர்ந்து மறுபடி எழுதியிருக்க வேண்டியதில்லை.