இரண்டும் மூன்றும் இருபத்து மூன்றா?

இரண்டும் மூன்றும் எத்தனை?

ஐந்து என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் ஒரு மாணவியின் கம்ப்யூட்டர், 23 என்று சொல்லிற்று!

அவள் எங்கள் தெருப் பெண். அந்த வீட்டில் முதன் முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்று வருகிறாள். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்லும்படி சிறு புரோகிராம் ஒன்று எழுதினாள். விடை தவறாக வந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு எழுதிக் கேட்டாள்.

எப்படிக் கேட்டாள் தெரியுமா?

"என் புரோகிராம் வேலை செய்யவில்லை. அவசரம்! நாளைக்குள் வேண்டும்! யாராவது உதவுங்கள்!"

பதிலே வரவில்லை. ஒருவர் மட்டும், "இப்படிக் கேட்டால் யாருக்கு என்ன புரியும்?" என்று கடிந்து எழுதினார். பெண் அன்றிரவு சாப்பிடவில்லை. "இந்தப் படிப்பு எனக்கு வராது" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

கடிந்துகொண்டவர் மேல் எனக்கு வருத்தந்தான். தெரியாதவர்தானே கேட்பார்? ஆனாலும் அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. டாக்டரிடம் போய், "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் அவர் என்ன மருந்து கொடுப்பார்? டாக்டருக்காவது பீஸ் கிடைக்கிறது. புரோகிராம் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிறவர்களில் மிகப் பலர் காசு வாங்காதவர்கள். ஆபீஸ் முடிந்து வீடு திரும்பி, ஒழிந்த நேரத்தில் எழுதுகிறார்கள்.

மறுநாள் காலை தாயார் கேட்டாள்: "ஏண்டி, நீ என்ன கொடுத்தாய்? அது என்ன சொல்லிற்று? என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

தாயாருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் பெண் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, கேள்வி தெளிந்துவிட்டது! 1999-ல் வெளிவந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற நூலில், ரப்பர் வாத்துப் பொம்மையிடம் புரோகிராமை வரி வரியாக விளக்கிப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. பொம்மைக்குப் பதில் இங்கே தாயார்!

பெண் மறுபடி எழுதினாள்:

"இரண்டு எண்களைக் கூட்ட இந்த மூன்று வரிகளை எழுதினேன். 2, 3 கொடுத்தேன். 5 வரவேண்டும், 23 வருகிறது. 10, 20 கொடுத்தால் 1020 வருகிறது. எங்கே தவறு?"

சிறிது நேரத்தில் பதில் வந்தது. கீபோர்டில் தட்டுவதைப் பைத்தான் எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே 2-ஐயும் 3-ஐயும் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது! 'இன்ட்' என்ற கட்டளையைப் போட்டு எண்ணாக மாற்றவேண்டும். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரே பிழைச் செய்தி காட்டினால், அதை ஓரெழுத்து விடாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். பைத்தானில் அதன் கடைசி வரியே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும். புரோகிராமைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். உதவ வருகிறவர் அதை ஓட்டிப் பார்க்க, முழுவதையும் மறுபடி தட்ட வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

கேட்பதற்கு வெட்கம் எதற்கு? 1991 ஜூலையில், பின்லாந்தில் 21 வயது மாணவர் ஒருவர், ஒரு வேலைக்காக 'போசிக்ஸ்' விதிகள் வேண்டும், எங்கே கிடைக்கும் என்று முன்பின் அறியாதவர்களிடம் பணிவாக எழுதிக் கேட்டார். அவர்தான் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் உருவாக்கி வந்த லினக்ஸ்தான் இன்று ஆண்ட்ராய்டு போன்களின் உள்ளே ஓடுகிறது!

உதவி கிடைத்ததும் காணாமற் போகிறவர்கள் ஏராளம். எங்கள் தெருப் பெண் அப்படிச் செய்யவில்லை. "இன்ட் போட்டேன். 5 வந்துவிட்டது. நன்றி ஐயா" என்று எழுதினாள்.

இப்போது பெருக்கல் வாய்ப்பாடு போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறாள். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏதோ தகராறாம்!