விமானம் அனுப்பிய கடைசிச் சொல்

1947-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி. சனிக்கிழமை. இந்தியா விடுதலை பெற இன்னும் 13 நாட்கள் இருந்தன.

உலகத்தின் மறுபக்கத்தில் தென் அமெரிக்கா இருக்கிறது. அங்கே அர்ஜென்டினா, சிலி என்று இரண்டு நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் நடுவே சுவர் போல நிற்பது ஆண்டிஸ் மலைத்தொடர். நம் இமயமலையைப் போலவே அதுவும் பனி மூடிய மலை.

அன்று பகல் 1 மணி 46 நிமிடத்துக்கு அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸ் நகரிலிருந்து ஒரு விமானம் கிளம்பியது. அது பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் விமானம். அதற்கு 'ஸ்டார் டஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நட்சத்திரத் தூசி என்று அதற்குப் பொருள். விமானத்தில் பயணிகள் 6 பேர், ஊழியர்கள் 5 பேர், ஆக மொத்தம் 11 பேர். மலையைத் தாண்டி, சிலியின் தலைநகரான சாண்டியாகோவுக்குப் போக வேண்டும். மாலை 5 மணி 45 நிமிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

5 மணி 41 நிமிடம் ஆனது. சாண்டியாகோ விமான நிலையத்துக்கு ஒரு செய்தி வந்தது. "சாண்டியாகோ வந்து சேரும் நேரம் 5.45" என்று அதில் இருந்தது. கடைசியில் இன்னொரு சொல்லும் இருந்தது. அந்தச் சொல் 'ஸ்டெண்டெக்'.

செய்தியை வாங்கியவர் சிலி விமானப் படையைச் சேர்ந்த ஊழியர். அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்டார். மறுபடியும் அதே சொல் வந்தது. இன்னொரு முறையும் அதே சொல்தான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. விமானமும் வரவில்லை.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? ஆங்கில அகராதியில் அப்படி ஒரு சொல் இல்லை. வேறு எந்த மொழியிலும் யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

தந்தி பேசும் மொழி

விமானத்திலிருந்து வந்தது பேச்சுக் குரல் அல்ல. அது தந்தி. நம் ஊர்த் தபால் நிலையங்களில் முன்பு தந்தி இருந்ததே, நினைவிருக்கிறதா? இந்தியாவில் 2013-ஆம் ஆண்டில்தான் அதை நிறுத்தினார்கள். அந்தக் காலத்துத் தந்திக்காரர் ஒரு கட்டையை விரலால் தட்டுவார். 'கட் கட்' என்று சத்தம் கேட்கும். சின்னத் தட்டு ஒரு புள்ளி. நீளமான தட்டு ஒரு கோடு. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் இத்தனை புள்ளி, இத்தனை கோடு என்று கணக்கு உண்டு. இதற்கு மோர்ஸ் குறியீடு என்று பெயர்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் எழுத்து முடிந்தால் சிறிது இடைவெளி விட வேண்டும். இடைவெளி மாறினால் எழுத்து மாறிவிடும். எழுத்து மாறினால் பொருளும் மாறிவிடும். தமிழிலேயே பாருங்கள். 'பலகை' என்று சேர்த்து எழுதினால் அது மரப்பலகை. 'பல கை' என்று இடம் விட்டு எழுதினால் நிறையக் கைகள். எழுத்துகள் அதேதான். நடுவில் விட்ட இடம்தான் வேறு.

சாண்டியாகோ ஊழியர் பிறகு ஒரு விவரம் சொன்னார். சத்தம் தெளிவாகத்தான் கேட்டது, ஆனால் அனுப்பியவர் மிகவும் வேகமாகத் தட்டினார் என்றார். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடல்

சிலி நாட்டவர் தேடினார்கள். அர்ஜென்டினா நாட்டவரும் தேடினார்கள். மலைக்கு மேலே விமானங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு துண்டுத் தகரம் கூடக் கிடைக்கவில்லை.

ஒரு பொருள் கிடைக்காவிட்டால் கதைகள் கிடைக்கும். பயணிகளில் ஒருவர் பிரிட்டிஷ் அரசின் ரகசியத் தபாலைக் கொண்டு செல்பவர். அதனால் யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. இன்னொரு பயணி தன் கோட்டுக்குள் வைரத்தைத் தைத்து வைத்திருந்தார் என்று ஒரு பேச்சு. அதே கம்பெனியின் இன்னும் இரண்டு விமானங்கள் 1948-இலும் 1949-இலும் அட்லாண்டிக் கடலுக்கு மேலே காணாமல் போயின. பேச்சு இன்னும் கூடியது.

வேற்று உலகத்தார் பறக்கும் தட்டில் வந்து விமானத்தைத் தூக்கிப் போய்விட்டார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். 1970-களில் ஸ்பெயின் நாட்டில் பறக்கும் தட்டுகளைப் பற்றி ஒரு பத்திரிகை வந்தது. அதற்கு 'ஸ்டெண்டெக்' என்றே பெயர் வைத்தார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சுவையான கதை. அந்த 11 பேரின் வீட்டாருக்கு அப்படி இல்லை. இறந்தார்களா, எங்கே இறந்தார்கள், யாருடைய தவறு என்று அவர்களுக்குத் தெரியாது. அடக்கம் செய்ய உடலும் இல்லை.

பனி திருப்பிக் கொடுத்தது

51 ஆண்டுகள் கழிந்தன. 1998-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த இரண்டு பேர் மலை ஏறப் போனார்கள். அவர்கள் ஏறியது துப்பன்காட்டோ என்ற மலை. அதன் உயரம் சுமார் 6,570 மீட்டர். சுமார் 4,600 மீட்டர் உயரத்தில், பனியின் மேலே, ஒரு பழைய விமான எஞ்சின் கிடந்தது. பக்கத்தில் முறுக்கிய தகரமும் கிழிந்த துணியும் கிடந்தன.

2000-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா ராணுவத்தினர் அங்கே ஏறிப் போனார்கள். விமானத்தின் விசிறி கிடைத்தது. சக்கரங்கள் கிடைத்தன. ஒரு டயரில் அப்போதும் காற்று இருந்தது. மனித உடல்களின் பகுதிகளும் பனியில் கெடாமல் இருந்தன. ஆம், அது ஸ்டார் டஸ்ட் விமானம்தான்.

இத்தனை ஆண்டு அது எங்கே இருந்தது? மலை உச்சிகளில் பனி ஆண்டுக்கு ஆண்டு கொட்டி, இறுகி, கட்டியாகிவிடும். அந்தப் பெரிய பனிக்கட்டி ஒரே இடத்தில் நிற்காது. மிக மெதுவாகக் கீழே நகரும். அதைப் பனியாறு என்கிறோம். கங்கை பிறக்கும் கங்கோத்ரியில் இருப்பதும் பனியாறுதான். ஸ்டார் டஸ்ட் மலையின் மேல் பகுதியில் மோதியது. மோதிய அதிர்ச்சியில் பனி சரிந்து விமானத்தை மூடியது. மேலே மேலே பனி விழுந்தது. தேடியவர்களின் கண்ணுக்கு வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பனிக்குள்ளேயே விமானத் துண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தன. வெப்பமான இடத்துக்கு வந்ததும் பனி உருகி அவை வெளியே தெரிந்தன.

நம் நாட்டு விமானத்துக்கும் இப்படி நடந்தது. 1966-இல் ஏர் இந்தியா விமானம் ஒன்று ஐரோப்பாவில் மோன் பிளாங்க் என்ற மலையில் மோதியது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் இருந்த இந்திய அரசின் தபால் பை ஒன்று 2012-இல் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் கிடைத்தது. 46 ஆண்டுகள் கழித்து!

காற்று செய்த வேலை

கிடைத்த துண்டுகளை நிபுணர்கள் பார்த்தார்கள். மோதும்போது எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை விசிறி காட்டியது. எஞ்சின் பழுதாகவில்லை. சக்கரங்கள் விமானத்தின் உள்ளே மடங்கி இருந்தன. அவசரமாகத் தரையில் இறங்க விமானி முயலவில்லை. துண்டுகள் ஒரே பகுதியில் கிடந்தன. குண்டு வெடித்திருந்தால் வானத்திலேயே சிதறி வெகுதூரம் பரவியிருக்கும்.

அப்படியானால் விமானம் நன்றாகப் பறந்து வந்து நேராக மலையில் மோதியது. ஏன்? அங்கே மலை இருப்பது விமானிக்குத் தெரியாதா?

மலையைத் தாண்டிவிட்டோம் என்று அவர் நினைத்தார். அதுதான் காரணம்.

விமானம் சுமார் 24,000 அடி உயரத்தில் வந்தது. கீழே முழுவதும் மேகம். தரை தெரியாது. எங்கே இருக்கிறோம் என்று காட்டும் செயற்கைக்கோள்கள் அன்று இல்லை. எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நேரம் பறந்தோம் என்று கணக்குப் போட்டுத்தான் இடத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் கணக்கைக் காற்று கெடுத்தது. அவ்வளவு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக வேகமான காற்று ஆறு போல ஓடுகிறது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலும் அது வீசும். இதை ஜெட் காற்று என்கிறார்கள். ஸ்டார் டஸ்ட் போனது கிழக்கிலிருந்து மேற்கே. அதாவது எதிர்க்காற்றில் போனது. ஆற்றில் எதிர்நீச்சல் போடுபவரை நினைத்துப் பாருங்கள். கை கால் வேகமாக அடிக்கும். கரையில் இருக்கும் மரம் மட்டும் மெதுவாகத்தான் பின்னால் போகும். விமானம் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று 100 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் தரைக்கு மேலே கடப்பது 200 கிலோமீட்டர்தான்.

இன்று ஜெட் காற்றை எல்லா விமானிகளும் அறிவார்கள். குளிர்காலத்தில் டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்குப் போவதை விட, கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு வரச் சற்றுக் கூடுதல் நேரம் ஆவதற்கு இந்தக் காற்றுதான் காரணம். ஆனால் 1947-இல் இதைப் பற்றி மிகச் சிலருக்கே தெரியும். அன்று பெரும்பாலான விமானங்கள் அவ்வளவு உயரத்தில் பறப்பதும் இல்லை.

கணக்குப்படி சாண்டியாகோ இன்னும் 4 நிமிடத் தூரம். உண்மையில் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் பாக்கி இருந்தது. நடுவில் மலை இருந்தது. விமானி மேகத்துக்குள் விமானத்தை இறக்கினார்.

அந்தச் சொல்

இனி 'ஸ்டெண்டெக்'. எத்தனையோ பேர் இதற்குப் பொருள் சொல்லிப் பார்த்தார்கள்.

அது பல சொற்களின் முதல் எழுத்துகள் என்றார்கள் சிலர். "எரிபொருள் தீர்ந்தது, டீசல் இல்லை, விழப் போகிறோம்" என்று ஒருவர் விரித்துச் சொன்னார். அந்த விமானம் டீசலில் ஓடவே இல்லை! ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்பார். விடுகதை போடமாட்டார்.

இறங்குவதற்கு ஆங்கிலத்தில் 'டிசென்ட்' என்று ஒரு சொல் உண்டு. அதன் ஏழு எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் 'ஸ்டெண்டெக்' வரும். உயரத்தில் காற்று குறைவு. அந்த விமானத்தில் எல்லோரும் குழாய் வழியாக ஆக்சிஜன் வாங்கித்தான் மூச்சுவிட்டார்கள். தந்திக்காரருக்கு ஆக்சிஜன் குறைந்து புத்தி தடுமாறியிருக்கலாம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செய்தியின் மற்றப் பகுதியில் ஒரு பிழையும் இல்லை. தடுமாறியவர் மூன்று முறையும் ஒரே மாதிரியா தடுமாறுவார்?

புள்ளிகளையும் கோடுகளையும் எண்ணிப் பார்த்தவர்கள் சொன்ன விளக்கம்தான் கவனிக்கத் தக்கது. 'ஸ்டெண்டெக்' தந்தியில் இப்படி இருக்கும்:

• • •   —   •   — •   — • •   •   — • — •

இதன் கடைசி ஐந்து குறிகளைச் சேர்த்துப் பாருங்கள்: • — • — •. தந்தியில் இதற்கு 'செய்தி முடிந்தது' என்று பொருள். எல்லாச் செய்தியின் கடைசியிலும் வருவதுதான். மீதி இருக்கும் பத்துக் குறிகளை வேறு விதமாகப் பிரித்தால் எஸ், சி, டி, ஐ என்ற நான்கு எழுத்துகள் வருகின்றன. சாண்டியாகோ விமான நிலையத்துக்குப் பிற்காலத்தில் வழங்கிய குறியீடு அதுதான். ஒரு புள்ளி கூடக் கூடவில்லை, குறையவில்லை. பலகை, பல கை ஆன கதைதான்.

இன்னொரு விளக்கமும் உண்டு. கடைசியில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டால், சிலியின் வால்பரைசோ என்ற ஊரின் பெயரில் முதல் நான்கு எழுத்துகள் கிடைக்கும்.

வேகமாகத் தட்டியதில் இடைவெளி குழம்பியது என்பதை நம்பலாம். ஆனாலும் கேள்வி மிஞ்சுகிறது. தன் நிலையத்தின் குறியீடாக இருந்தால் சாண்டியாகோ ஊழியருக்கு அது மூன்று முறையும் புரியாமல் போகுமா? சாண்டியாகோ என்று முழுப் பெயரையும் சொன்ன பிறகு மறுபடி குறியீடு எதற்கு? வால்பரைசோவுக்கு அந்த விமானம் போகவே இல்லையே? இன்று வரை யாரும் முடிவாகச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் பனியில் கிடைத்த துண்டுகளால் தெரிகிறது. அது மரண ஓலம் அல்ல. அதைத் தட்டிய நேரத்தில் விமானத்தில் யாருக்கும் ஆபத்து தெரியாது. எஞ்சின் சீராக ஓடியது. நான்கு நிமிடத்தில் இறங்கிவிடுவோம் என்றுதான் 11 பேரும் நினைத்திருப்பார்கள்.

2000-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா விமானப் படை விசாரணையை முடித்தது. விமானி மீது குற்றம் இல்லை என்று சொன்னது. இறந்தவர்களில் 8 பேர் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உறவினரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். 2002-க்குள் ஐந்து பேர் யார் யார் என்று தெரிந்தது. 55 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஐந்து வீட்டாருக்கும் பதில் போய்ச் சேர்ந்தது.