இலையே சாட்சி

நந்தியாவட்டையும் அலரியும் செவ்வரத்தையும் யாழ்ப்பாணத்து வளவுகளில் ஆண்டு முழுவதும் நின்று பூப்பவை. விடியலிற் பூக்கொய்து சுவாமிக்குச் சாத்துதல் நம்மவர் வழக்கம். அவ்வாறு பூப்பறிக்கச் செல்வோர் சில நாட்களில், நேற்றுத் தழைத்திருந்த கிளை இன்று வெறுங்கொம்பாய் நிற்கக் காண்பர். உடனே கடைக்குச் சென்று, "பூச்சிக்கு ஒரு மருந்து தாருங்கள்" என்பர். எந்தப் பூச்சிக்கு என்று கேட்டால் அவர்களிடம் விடை இராது.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு முறை வகுத்தார். நோயை அறிதல் முதலாவது. அதன் காரணத்தை அறிதல் இரண்டாவது. தீர்க்கும் வழி அதன் பின்னரே. தோட்டத்தானுக்கும் இம்முறையே உரியது. இலையைத் தின்ற உயிர் ஒளிந்துகொள்ளலாம். அது தின்ற விதம் ஒளியாது.

நந்தியாவட்டையிலோ அலரியிலோ இலைகள் முழுவதும் ஒழிந்திருப்பின், முதலில் நிலத்தைப் பாருங்கள். குறுமிளகு போன்ற கரிய எச்சங்கள் சிதறிக் கிடக்கும். அவற்றுக்கு நேர்மேலே இலைமறைவில் விரற்பருமனுள்ள பச்சைப்புழு ஒன்று இருக்கும். தலைக்கு அண்மையில் கண்போன்ற இரு நீலப்பொட்டுகளும் வாலில் ஒரு சிறு கொம்பும் அதற்கு அடையாளம். மனிதருக்கு நஞ்சாகிய அலரியிலை அதற்கு அமுது! பின்னர் அந்துப்பூச்சியாய்ப் பறப்பது இதுவே. இரண்டு மூன்றைக் கையால் எடுத்து அகற்றினாற் போதும். செடி மீளத் தளிர்க்கும்.

தேசியிலும் கறிவேப்பிலையிலும் தளிர்கள் குறையின், இலைமேற் கிடக்கும் காக்கை எச்சத்தை உற்றுப் பாருங்கள். எச்சம் மெல்ல நகர்ந்தால் அது புழு. வளர்ந்தபின் பச்சை நிறம் பெறும். தொட்டால் தலைப்புறத்திலிருந்து கவைபோன்ற உறுப்பொன்றை நீட்டிக் கடுநாற்றம் வீசும். நம் சிறுவர் துரத்தித் திரியும் கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைப்பருவம் இதுவே.

றோசா இலையின் ஓரம் கத்தரித்தாற்போல் அரைவட்டமாக வெட்டப்பட்டிருக்குமாயின், வெட்டியது ஒருவகைத் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. தன் கூட்டின் அறைகளுக்கு உறையாகக் கொண்டுசெல்கிறது. பூக்களில் மகரந்தம் சேர்க்கும் அவ்வுயிருக்கு நஞ்சு தெளித்தல் நமக்கே நட்டமாகும்.

ஒழுங்கற்ற துளைகளும் உலர்ந்து மினுங்கும் கோடுகளும் காணப்படின் அது நத்தையின் வேலை. ஆபிரிக்கப் பெருநத்தை 1847 ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1900 ஆம் ஆண்டளவில் இலங்கையை அடைந்தது. இரவில் விளக்கோடு சென்றாலே அதனைப் பிடிக்கலாம். நோய்க்கிருமிகளைச் சுமப்பதாதலின் வெறுங்கையால் தொடலாகாது. பொறுக்கி உப்புநீரில் இடுக. முருங்கையை மொட்டையாக்கும் மயிர்க்கொட்டியும் இரவிலேயே மேயும். பகலில் அடிமரத்திற் கூட்டமாய் ஒட்டியிருக்கும். அதனையும் தொடலாகாது, ஆயினும் அது கூடியிருக்கும் அவ்வேளையே அதனை ஒழித்தற்கு ஏற்ற வேளை.

இத்துணை ஆராய்ச்சி எதற்கு, ஒரு போத்தல் மருந்தால் எல்லாவற்றையும் கொன்றுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நம் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தங்கும் நீரே நம் கிணற்றுநீர். செடியின்மேல் தெளித்த நஞ்சின் ஒரு பகுதி மண்ணில் விழுகிறது. மழையோடு சேர்ந்து அதே வழியே இறங்கக்கூடும். பூஞ்செடி பெரும்பாலும் கிணற்றடியில் நிற்பதையும் நினைத்துப் பாருங்கள். அன்றியும் புழுவைத் தின்னும் புலுனிக்கும் நத்தையைத் தின்னும் செண்பகத்துக்கும் அந்நஞ்சு பகையாகும். காவலாளரைக் கொன்றபின் கள்வரைத் தடுப்பவர் யார்? நஞ்சு படிந்த மலரைச் சுவாமிக்குச் சாத்துதலும் முறையன்று.

ஆதலால் இலையழிவு கண்டவர் கடைக்குச் செல்லுமுன் ஓர் இரவும் ஒரு காலையும் பொறுப்பாராக. வெட்டின் வடிவு, நிலத்து எச்சம், மினுங்கும் கோடு, உண்ணும் வேளை ஆகிய நான்கையும் நோக்குவாராக. வீட்டுப் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுதல் நன்று. கூரிய கண்கள் அவர்களுடையவை. கள்வன் யாரென்று தெரிந்தபின் பெரும்பாலும் நம் இரு கைகளே போதும்.