மின்வேதியியல் மாநாட்டுக்குப் போவது எதற்கு, எப்படி

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து காலாப்பட்டுக்கும் பிள்ளைச்சாவடிக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகளில் சிலர் வேதியியலிலோ இயற்பியலிலோ முனைவர் பட்டம் வரைக்கும் போகிறார்கள். அப்படி ஒரு பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, "வெளிநாட்டுல ஒரு மாநாடு, என் ஆய்வை எடுத்துக்கிட்டாங்க" என்று சொன்னால், வீட்டில் மூன்று கேள்விகள் எழும். அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்? செலவு யாருடையது? இது நிஜமான மாநாடுதானா? மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகளே. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் துறை. மின்சாரத்தால் நடக்கும் வேதிவினைகளையும், வேதிவினையால் பிறக்கும் மின்சாரத்தையும் ஆராய்வது மின்வேதியியல். கரன்ட் போனதும் வீட்டில் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி, செல்போனுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி, நகைக்கு ஏற்றும் தங்க முலாம், நரம்பையிலும் பன்னித்திட்டிலும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக் கதவு, எல்லாமே இந்தத் துறையின் கணக்கில் வரும். பாகூர் பக்கக் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகிறதே, அந்த உப்பை இரண்டு கார்பன் தகடுகளுக்கு நடுவே சிறு மின்னழுத்தம் கொடுத்துப் பிரித்தெடுக்கும் முறையும் மின்வேதியியல்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் அந்த முறையில் ஆய்வு நடந்திருக்கிறது.

இந்த மாநாடுகளில் மின்வேதியியலோடு சேர்ந்தே வரும் திண்மநிலைத் தொழில்நுட்பம் என்பது சோலார் தகடு, எல்.இ.டி. விளக்கு, கணினிச் சில்லு போன்ற திடப்பொருள் கருவிகளின் உலகம். இவை இரண்டும் ஏன் ஒரே கூரையின்கீழ் கூடுகின்றன என்று கேட்கலாம். சில்லுக்குள் ஓடும் கண்ணுக்குத் தெரியாத செம்புக் கம்பிகள் மின்முலாம் பூசும் முறையில்தான் உருவாகின்றன. அலுமினியத்தை விட்டுச் செம்புக்கு மாறுவதாக ஐ.பி.எம். நிறுவனம் 1997-இல் அறிவித்தது. லித்தியம் பேட்டரிக்குள்ளும் அயனிகள் போய் நுழைந்து வெளியேறுவது ஒரு திடப்பொருளின் அடுக்குகளுக்கு இடையில்தான். அதனால் பேட்டரிக்காரரும் சில்லுக்காரரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

இத்துறையின் பழைய பெரிய சங்கம் அமெரிக்காவில் 1902-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய மின்வேதியியல் சங்கம். எடிசன் அதில் உறுப்பினராக இருந்தார். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு கூட்டங்கள் நடத்துகிறது. 2023 அக்டோபரில் சுவீடனின் கோத்தன்பர்க், 2024 அக்டோபரில் ஜப்பான், கொரியச் சங்கங்களோடு சேர்ந்து ஹொனலூலு, 2025-இல் மே மாதம் மான்ட்ரியல், அக்டோபரில் சிகாகோ. 1949-இல் தொடங்கிய பன்னாட்டு மின்வேதியியல் சங்கம் சுவிட்சர்லாந்தின் லோசானை இருப்பிடமாகக் கொண்டது. அதன் ஆண்டுக் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டில் நடக்கும்.

அமெரிக்கச் சங்கத்தின் கூட்டத்தில் ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். எந்த அமர்வு எதற்கு என்பதற்கு ஆங்கில எழுத்துகள்: 'ஏ' பேட்டரி, 'சி' உலோக அரிப்பு, 'ஐ' எரிபொருள் கலம், 'எம்' உணரிகள், இப்படி. கடைசி எழுத்தான 'இசட்' வரிசையில் மாணவர்களுக்கென்றே ஒரு போஸ்டர் அமர்வு, அதாவது ஆய்வைப் படங்களோடு ஒரு போஸ்டரில் போட்டு முன்னால் நின்று விளக்கும் அமர்வு, உண்டு. முதல் முறை போகும் பிள்ளை பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். அதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். மேடைப் பேச்சென்றால் கேள்விக்கு மிஞ்சுவது சில நிமிடம்தான். போஸ்டருக்கு முன்னால் ஒருவர் கால்மணி நேரம் நின்று, படத்தில் விரல் வைத்து, "இந்த வளைவு ஏன் இங்கே இறங்குகிறது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை தூரம் போவது.

கேள்விக்கு எவ்வளவு பலம் என்று 1989 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரு மின்வேதியியலாளர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். கனநீரில் (ஹெவி வாட்டர்) பல்லேடியம் மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தியபோது, போட்ட சக்தியைவிட அதிக வெப்பம் வந்தது, இது அணுக்கரு இணைவு என்று அறிவித்தார்கள். உலகமே பரபரத்தது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் உடனே சோதனைகள் தொடங்கின. ஃபிளைஷ்மன் லேசுப்பட்டவர் அல்லர். பன்னாட்டு மின்வேதியியல் சங்கத்துக்கு 1970 முதல் 1972 வரை தலைவராக இருந்தவர்.

மே 8-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்க மின்வேதியியல் சங்கத்தின் கூட்டம். இதற்கென்றே தனி அமர்வு. நிருபர்கள் கேட்காததை அங்கே சக ஆய்வாளர்கள் கேட்டார்கள். கலத்தில் இருந்த திரவத்தை நன்றாகக் கலக்கினீர்களா? கலக்காவிட்டால் ஒரு மூலையில் சூடு கூடுதலாக இருக்கும், வெப்பமானி அந்த மூலையில் இருந்தால் கணக்கே தவறிவிடுமே? கால்டெக் பல்கலைக்கழகத்தின் நேதன் லூயிஸ் வற்புறுத்திய கேள்வி இது. அதற்குப் பதிலாக இருவரும் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். கலத்தில் ஒரு துளிச் சாயம் விழுந்து சில நொடிகளில் பரவுவது அதில் தெரிந்தது. கேட்டவர்களுக்கு அது போதவில்லை. கனநீருக்குப் பதில் சாதாரண நீரை வைத்து ஒப்பிட்டீர்களா என்ற கேள்வியும் அந்த வாரங்களில் திரும்பத் திரும்ப வந்தது. பல ஆய்வகங்கள் முயன்றும் அந்த முடிவு நம்பும்படியாகத் திரும்ப வரவில்லை. கலக்கினீர்களா, ஒப்பிட்டீர்களா என்பவை பி.எஸ்சி. ஆய்வக வகுப்பில் கேட்கும் கேள்விகள். அவ்வளவு எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடமாக மாநாடு இருப்பதால்தான் எனக்கு அதன்மேல் மதிப்பு. அங்கே பெரிய பெயர் கேட்பவரைத் தடுப்பதில்லை. பாகூரிலிருந்து போன மாணவியும் மைக் முன்னால் போய் நின்று கேட்கலாம்.

வெளிநாட்டுக்கு முன்னால் காரைக்குடி இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உப்புக்காற்றில் உலோகம் அரிப்பதை ஆராய மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. நம் கடற்கரைத் துருவைப் பற்றி ஆராய விரும்பும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் பக்கத்தில் கிடையாது. காரைக்குடியை மையமாகக் கொண்ட மின்வேதியியல் முன்னேற்றச் சங்கம் தேசிய மாநாடுகளை நடத்துகிறது. முதல் போஸ்டரை அங்கே போட்டுப் பழகுங்கள் என்பது என் யோசனை. விசா வேண்டாம், விழுப்புரத்தில் ரயில் ஏறினால் போதும்.

கிராமத்துக்கும் இந்தத் துறைக்கும் ஒட்டாது என்று நினைப்பவர்களுக்கு ஒருவரைச் சொல்ல வேண்டும். ஜான் போக்ரிஸுடன் சேர்ந்து 1970-இல் 'மாடர்ன் எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி' என்ற புகழ்பெற்ற பாடநூலை எழுதிய அமுல்யா ரெட்டி பெங்களூர்க்காரர். அவரே 1974-இல் இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பப் பிரிவான 'அஸ்த்ரா'வைத் தொடங்கினார். கர்நாடகத்தின் புரா கிராமத்தில் சாண எரிவாயுவால் இன்ஜின் ஓட்டி, விளக்குக்கும் குடிநீருக்கும் வழிசெய்த வேலை அதிலிருந்து வந்தது.

இனிப் போகும் வழி. மாநாட்டுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் முன்பே ஆய்வுச் சுருக்கத்தை இணையத்தில் அனுப்ப வேண்டும். நல்ல சுருக்கத்தில் என்ன செய்தோம், என்ன எண் கிடைத்தது, முன்பு இருந்ததைவிட அது எந்த வகையில் மேல் என்ற மூன்றும் இருக்கும். "விவரம் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று முடிக்கும் சுருக்கம் யாரையும் இழுக்காது. பாஸ்போர்ட் இல்லையென்றால் சுருக்கம் அனுப்பும் வாரத்திலேயே அதற்கும் விண்ணப்பியுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் தாமதம் அங்கேதான் தொடங்கும்.

விசா மாநாடு நடக்கும் நாட்டைப் பொறுத்தது. சிகாகோ என்றால் சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். மான்ட்ரியல் என்றால் கனடா விசா, கோத்தன்பர்க் என்றால் ஷெங்கன் விசா. நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே மாநாட்டு அலுவலகத்திடம் அழைப்புக் கடிதம் கேட்டுவிடுங்கள். அதிகாரி ஆய்வைப் பற்றிக் கேட்டால், "தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று அளக்கும் உணரி செய்கிறேன்" என்பதுபோல் ஒரே வரியில் சொல்லத் தெரிய வேண்டும்.

செலவு பெரியது, மறைக்க வேண்டாம். விமானம், பதிவுக் கட்டணம், விசா, தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் ஒரு விவசாயக் குடும்பம் தாங்கும் தொகை அல்ல. குடும்பம் கடன் வாங்கித் தாங்கவும் கூடாது என்பேன். மத்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் பன்னாட்டுப் பயண உதவித் திட்டம் நடத்திவந்தது. சாதாரண வகுப்பு விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசாக் கட்டணம் ஆகியவற்றுக்கானது அது. 2024-இல் அந்த வாரியத்தின் இடத்துக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியம் வந்துவிட்டது. விண்ணப்ப விதிகளை அதன் இணையதளத்தில் பாருங்கள். அமெரிக்க மின்வேதியியல் சங்கத்தின் பிரிவுகளும் மாணவர்களுக்குப் பயண உதவி தருகின்றன. அரசு உதவி பெரும்பாலும் போய்வந்தபின் ரசீதைக் காட்டித்தான் கைக்கு வரும். முன்பணத்துக்கு என்ன வழி என்று வழிகாட்டிப் பேராசிரியரிடமும் பல்கலைக்கழக நிதிப் பிரிவிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி, நிஜமான மாநாடுதானா? நீங்கள் எதுவும் அனுப்பாமலே "மதிப்புக்குரிய பேச்சாளரே" என்று மின்னஞ்சல் வந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டே நாளில் ஏற்பு, உடனே பணம் என்றாலும் அப்படியே. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற நிறுவனம் இதழ்களையும் மாநாடுகளையும் பற்றி ஏமாற்று விளம்பரம் செய்தது என்று அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்து, 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. நடத்தும் சங்கம் எது, எத்தனை ஆண்டாக நடக்கிறது, உங்கள் பேராசிரியருக்குத் தெரிந்த யாராவது முன்பு போயிருக்கிறார்களா என்று விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

அங்கே போனபின் எல்லா அறைக்கும் ஓட வேண்டாம். முந்தின இரவே நிகழ்ச்சி நிரலில் நாளைக்கு நான்கைந்து பேச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். போஸ்டரைத் துணியில் அச்சடித்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆங்கில உச்சரிப்பு புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஜப்பானியரும் பிரேசில்காரரும் அதைத்தான் செய்கிறார்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், "இதை நான் அளந்து பார்க்கவில்லை" என்று சொல்லி, கேட்டவரின் பெயரோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய வாரத்திலேயே அந்த அளவீட்டைச் செய்துபார்த்து, முடிவை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போர்டிங் பாஸ், பதிவு ரசீது, கலந்துகொண்ட சான்றிதழ் மூன்றையும் தொலைக்காமல் கொண்டுவந்து நிதிப் பிரிவில் கொடுங்கள்.