இடவாகுபெயரும் செய்தி மொழியும்: 'சூரியநெல்லி' என்னும் சொல்

ஓர் இடத்தின் பெயர் அவ்விடத்தை உணர்த்தாது, அதனோடு தொடர்புடைய பிறிதொன்றை உணர்த்தி வருவது இடவாகுபெயர் எனப்படும். 'ஊர் திரண்டது' என்னுமிடத்து ஊர் என்பது ஊரிலுள்ள மக்களைக் குறித்தது. ஆகுபெயரைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலிலும் நன்னூலார் பெயரியலிலும் விளக்கியுள்ளனர். இவ்விலக்கணக் கூறு இக்காலச் செய்தி மொழியில் பெற்றுள்ள புதிய பயன்பாட்டைச் 'சூரியநெல்லி' என்னும் ஊர்ப்பெயர் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

சூரியநெல்லி, கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்கு அண்மையில் அமைந்த மலைச்சிற்றூர். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரில் தமிழும் மலையாளமும் வழங்குகின்றன. 1996 சனவரியில் இவ்வூரைச் சார்ந்த 16 வயது மாணவி ஒருவர் கடத்தப்பட்டு, கேரளத்திலும் தமிழகத்திலும் பல இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 40 நாட்கள் கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். 2000இல் தனி நீதிமன்றம் 35 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2005இல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவர் நீங்கலாக ஏனையோரை விடுவித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி மறுவிசாரணைக்கு அனுப்ப, 2014இல் உயர் நீதிமன்றம் பெரும்பாலோரின் தண்டனையை உறுதிசெய்தது. இப்பதினெட்டு ஆண்டுகளிலும் நாளிதழ்கள் இவ்வழக்கைச் 'சூரியநெல்லி வழக்கு' என்றே வழங்கின.

இவ்வழக்காற்றுக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று சட்டம். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரை வெளியிடுவது, 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 228அ பிரிவின்படி குற்றமாயிற்று. மற்றொன்று தலைப்பின் இடச்சுருக்கம். பெயர் கூறலாகாது, ஆயினும் நாள்தோறும் தொடரும் செய்திக்கு ஓர் அடையாளம் வேண்டும். அவ்வெற்றிடத்தை ஊர்ப்பெயர் நிரப்பிற்று.

இத்தொடரை விரித்து நோக்கின் ஓர் இடர்ப்பாடு புலனாகும். 'சூரியநெல்லி வழக்கு' என்பதைச் 'சூரியநெல்லியில் நிகழ்ந்த குற்றம் பற்றிய வழக்கு' என விரித்தல் பொருந்தாது. கொடுமை பல ஊர்களில் நிகழ்ந்தது. இங்கு ஊர்ப்பெயர் பாதிக்கப்பட்டவருக்கே ஆகிவந்தது. 'வாச்சாத்தி வழக்கு' என்பதோ வேறு வகையினது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 சூனில் அரசுப் பணியாளர் ஊர் முழுவதையும் தாக்கினர். ஊரே பாதிக்கப்பட்டமையின் அங்குப் பெயர் பொருளோடு இயைகின்றது. புறவடிவால் ஒத்த இரு தொடர்களும் பொருளால் வேறுபடுதல் மொழியியலார் கருதத்தக்கது.

பெயரை மறைக்க வந்த சொல் இருவகையில் ஊறு விளைவித்தது. ஊரார் அனைவரையும் அச்சொல் சுட்டிற்று. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் அது மறைப்பாகவும் அமையவில்லை. குற்றம் புரிந்தோரைக் குறிக்கும் சொல் எதுவும் அத்தொடரில் இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. மலையாள இதழ்கள் இத்தகைய குற்றத்தைப் 'பீடனம்' என்னும் சொல்லாற் குறிக்கின்றன. தமிழில் 'பீடித்தல்' நோய் முதலியன பற்றுதலையே பெரிதும் உணர்த்துவதால் அதனை அவ்வாறே கொள்ளுதல் இயலாது. தமிழ் இதழ்களில் நெடுங்காலம் வழங்கிய 'கற்பழிப்பு' என்னும் சொல்லோ, இழப்பைப் பாதிக்கப்பட்டவரின் ஒழுக்கத்தின்மேல் ஏற்றுகின்றது. 'பாலியல் வன்கொடுமை' என்னும் தொடரும், ஈழத்து வழக்கான 'பாலியல் வல்லுறவு' என்பதும் செயலின் வன்மையைச் சுட்டுவன. ஆதலின் அவை ஏற்புடையன.

2018 திசம்பரில் உச்ச நீதிமன்றம், பெயரை மட்டுமன்றி, அடையாளம் காண உதவும் எவ்விவரத்தையும் வெளியிடலாகாது எனத் தீர்ப்பளித்தது. இதனால், பாதிக்கப்பட்டவரின் ஊர்ப்பெயரால் வழக்கைச் சுட்டும் மரபு மறு ஆய்வுக்கு உரியதாயிற்று. வழக்கு நடைபெறும் நீதிமன்றத்தாலோ ஆண்டாலோ வழக்கைச் சுட்டுதல் இயலும். ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பின்றி அவ்வாறே எடுத்தாளலாம் என்பது பொதுவிதி. எனினும் அப்பெயர் அவ்விடத்து ஊரைக் குறிக்கின்றதா, ஒருவரைக் குறிக்கின்றதா எனத் தெளிந்த பின்னரே அதனை எடுத்தாளுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.