ஒரே கணினி, இரண்டு தளங்கள்

ரிங்லெட் முழுவதற்கும் அஞ்சல் குறியீடு ஒன்றுதான்: 39200. தோட்ட அலுவலகத்துக்குக் கட்டாக வரும் கடிதங்களைப் பெயர் பார்த்துத்தானே லயத்து வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள்! அப்பாச்சி சர்வரும் அப்படித்தான். 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 முறைப்படி, உலாவி தனக்கு வேண்டிய தளத்தின் பெயரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அதனால் ஒரே ஐபி எண்ணில் பல தளங்கள் குடியிருக்கலாம். இவையே மெய்நிகர் ஹோஸ்ட்கள்.

அறிவியல் விழாவுக்காக என் மாணவி ஒருத்தி மடிக்கணினியில் இரண்டு தளங்கள் அமைத்தாள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்ற எண்ணுக்கு எதிரே தே.டெஸ்ட், ஹூஜான்.டெஸ்ட் என்று எழுதினாள். (இங்கே டாட் காம் பெயர் வேண்டாம், அந்தப் பெயரில் உண்மையான தளம் இருந்தால் உங்கள் கணினியில் அது திறக்காது. சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்டது டாட் டெஸ்ட்.)

விழாவுக்கு முந்திய நாள், எந்தப் பெயரைத் தட்டினாலும் தேயிலைப் பக்கமே வந்தது. மழை அளவுப் பக்கம் அழிந்துவிட்டதென்று அழாத குறை. கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது. அப்பாச்சி அமைப்பில், சர்வர்நேம் வரியில் ஹூஜானுக்கு ஓர் எழுத்து குறைந்திருந்தது. பெயர் எதனோடும் பொருந்தாவிட்டால் அப்பாச்சி பிழை என்று சொல்லாது. பட்டியலில் முதலில் உள்ள தளத்தைக் கொடுத்துவிடும். எழுத்தைச் சேர்த்து, சர்வரை மறுபடி இயக்கினோம். மழைப் பக்கம் வந்தது.